அப்பா கையெழுத்து வைக்காத படிவம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ படியிறங்கிப் போன பிறகு நான் கதவைச் சாத்தவில்லை. காலி வீதிக்குப் போய், மட்டக்குளி பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி உன் வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்திருப்பாய் என்று தோன்றும் வரைக்கும் கதவு திறந்தே கிடந்தது. படியில் நின்று நீ சொன்னது வீட்டை விட்டுப் போகவில்லை. "அப்பாவும் கையெழுத்து வைக்கேல்லைத்தானே அம்மா. அவருக்கு என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை." அதற்கு நான் "கவனமாப் போ" என்று மட்டும் சொன்னேன். நான் பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

இன்றைக்குப் புதன். மூன்றாவது பின்னேரமாக இந்த யன்னலடிக் கதிரையில் பேனையோடு இருக்கிறேன். இந்த நேரத்தில் கடல் வெளிச்சம் உள்ளே வந்து முகட்டில் ஆடும், உனக்குத் தெரியும். சின்ன வயதில் நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைப் பிடிக்கப் போவதாகக் கையை நீட்டுவாய். பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் ஒன்று போகிறது. அது இன்றைக்குப் போகிற ரயிலா, பதினாலு வருஷத்துக்கு முன் போனதா என்று எனக்கே சில நேரம் பிடிபடுவதில்லை. இரண்டுக்கும் யன்னல் கண்ணாடி ஒரே மாதிரித்தான் அதிருகிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஒரு தரம் "அம்மா" என்று கூப்பிட்டால் போதும், நான் கதையை மாற்றி, புட்டுக்கு என்ன கறி என்று கேட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இருந்து வாசி. ரஞ்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

பொலிஸ் கொண்டுவந்து தருகிற அந்தப் படிவம் முதல் தரமாக உன் பெயருக்கு வந்திருக்கிறது. வீட்டுத் தலைவன் என்று உன் பெயர். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே பிறந்தவர்கள், கொழும்பில் தங்கியிருப்பதற்குக் காரணம் என்ன, கீழே கையெழுத்து. தெருவில் எத்தனை வீடு இருந்தாலும் தமிழர் வீட்டுக் கதவை மட்டும் தேடி வருகிற கடதாசி. திங்கட்கிழமை காலை அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து, "நான் எழுதமாட்டன்" என்று முகத்துக்கு நேரே சொல்லப் போகிறாய். ரஞ்சிக்கு ஐந்தாம் மாதம். நீ அப்பாவின் கதையை நம்பித்தான் போகிறாய். அந்தக் கதையின் பாதி உனக்குத் தெரியாது, தம்பி. கண்ணை மூடும் வரைக்கும் அவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் அப்பாவைப் போலச் சட்டத்துக்குப் பயந்த மனுசனை நான் கண்டதில்லை. பயம் என்று சொன்னால் கோபிப்பார், மரியாதை என்பார். வெள்ளவத்தையில் கடலுக்குப் போகிற எல்லாரும் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்துதான் போவார்கள். தண்டவாளத்தில் நடப்பது குற்றம் என்று பலகை போட்டிருக்கும். அந்தப் பலகையிலேயே குளித்தவர்கள் துவாயைக் காயப்போடுவார்கள். அப்பா மட்டும் கடவை இருக்கிற இடம்வரை நடந்து, சுற்றித்தான் போவார். நீ அவருடைய கையில் தொங்கிக்கொண்டு, "மற்றப் பெடியள் எல்லாம் குளிச்சு முடிச்சிட்டாங்கள் அப்பா" என்று சிணுங்கிக்கொண்டே போவாய். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். ஒரு முழத் தூரத்துக்கு ஒரு மைல் நடக்க வைக்கிற மனுசனோடு வாழ்ந்து பார்த்தால் தெரியும்.

அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை படிவத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் விரித்து வைத்து இரண்டு தரம் வாசித்தார். நீ ஏழாம் வகுப்பு. அதே மேசையின் மற்றப் பக்கம் இருந்து வரைபடத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாய். நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தேன்.

"இஞ்சை பார். காரணம் எழுதட்டாம்."

"என்ன காரணம்?"

"என்ரை வீட்டிலை நான் ஏன் இருக்கிறன் எண்டு."

"வேலை எண்டு எழுதுங்கோவன். எல்லாரும் அப்பிடித்தான் எழுதீனம்."

"கீழ் வீட்டுச் சோமா எழுதினவவே?"

"அவ சிங்களம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

எனக்கு விசர் வந்தது. "தண்டவாளத்தைக் கடக்கமாட்டியள், இதுக்கு மட்டும் சட்டத்தை மீறப்போறியளோ?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "அந்தச் சட்டம் எல்லாருக்கும் பொது. ரயில் ஆரெண்டு பாத்தே அடிக்கிறது? இது அப்பிடியில்லை. இது எங்களை மட்டும் எழுப்பி நிப்பாட்டிற சட்டம். இதுக்கு நான் எழும்பமாட்டன். ஆனா ஒளிக்கவும் மாட்டன்." நீ நிறப்பென்சிலை வைத்துவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை படியில் நின்றபோதும் உன் முகத்தில் அதுதான் இருந்தது.

அன்று பின்னேரம் அவர் பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிங்களத்தில். சம்பள உயர்வுக்காகச் சிங்களச் சோதனை பாஸ் பண்ணின ஆள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். இன்ன விலாசத்தில் இன்னார் குடியிருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை, ஆனால் என் சொந்த வீட்டில் இருப்பதற்குக் காரணம் எழுதும் படிவத்தில் கையெழுத்து வைக்க என் மனச்சாட்சி இடந்தரவில்லை, அதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொள்வேன், தினமும் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன், தாங்கள் எப்போதும் வரலாம். இவ்வளவும்தான். வரச் சொல்லி அழைப்பிதழ் அடிக்கிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கந்தோரில் வேலை முடிந்து வரத் தபால் கந்தோர் பூட்டிவிடும் என்று கடிதத்தையும் வெறும் படிவத்தையும் சேர்த்து என்னிடம் தந்தார். "திங்கட்கிழமை பதிவுத் தபாலிலை போடு."

செவ்வாய்க்கிழமை கேட்டார். "போட்டியே?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு "ஓம்" தான் தம்பி, நான் உனக்குச் சொல்ல வந்தது. நான் போடவில்லை.

திங்கட்கிழமை காலை நீயும் அவரும் வெளிக்கிட்ட பிறகு, அந்த வெறும் படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே சோமா வீட்டுக்குப் போனேன். எனக்குச் சிங்களம் கதைக்கத்தான் தெரியும், எழுத வராது. அவள்தான் எழுதினாள். அப்பாவுக்குக் காரணம், "ரக்கியாவ" - வேலை. உனக்குப் படிப்பு. எனக்கு, புருசன். ஒரு குடும்பம் உலகத்தில் இருக்கிறதுக்கு மூன்று சொல்லில் காரணம் எழுதி முடித்துவிட்டோம். சோமா பேனையை மூடிவிட்டு, "எங்க வீட்டுக்கு இது வாறது இல்லையே அக்கா, எனக்கு வெக்கமா இருக்கு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் அப்பாவின் கையெழுத்தைப் போட்டேன். அது எனக்குப் புதுப் பழக்கம் இல்லை. கணக்கில் இருபத்தெட்டு எடுத்துவிட்டு நீ குசினிக்குள் வந்து அழுதபோதெல்லாம், றிப்போர்ட்டில் அவருடைய கையெழுத்தைப் போட்டது யார் என்று நினைக்கிறாய்? உன்னைக் காப்பாற்றப் பழகின கைதான் அவரையும் காப்பாற்றியது என்று அன்றைக்கு எனக்குப் பெருமை கூட இருந்தது.

ஸ்டேஷனில் வரிசை நின்றது. எல்லாருடைய கையிலும் அதே கடதாசி, வேர்வையில் நனைந்து. மேசையில் இருந்த பொலிஸ்காரர் மரியாதையான மனுசன், பொய் சொல்லக்கூடாது. தலையை நிமிர்த்தி, "மஹத்தயா ஆவே நெத்த?" என்று கேட்டார். ஐயா வரவில்லையா என்று. அவருக்குக் காய்ச்சல் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து வெயிலில் நின்றபோது எனக்குக் கால் தரையில் படாத மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோசம்.

எதிர் ஒழுங்கை ரியூஷன் மாஸ்டரைப் பொலிஸ் கொண்டுபோய், பல மாதம் கழித்து விட்டார்களே, அவர் அதற்குப் பிறகு தெருவில் யாருக்கும் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அப்பாவை அந்த முகத்தோடு பார்க்க என்னால் முடியாது. இப்போது கேட்டாலும் அந்தப் பயத்தை நான் பிழை என்று சொல்லமாட்டேன். பிழை அதற்குப் பிறகு நடந்ததுதான்.

அப்பா காத்திருக்கத் தொடங்கினார். ஐந்து மணிக்கே வந்து குளித்து, தோய்த்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு பல்கனிக் கதிரையில் இருப்பார். பக்கத்தில் ஒரு பை. சாரம் ஒன்று, நீலக்கரைத் துவாய், பல் துலக்கும் பிரஷ், பிரஷர் குளிசை. பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த மனுசன் இவ்வளவு வடிவாக உடுத்திக்கொண்டு வரவில்லை. படியில் யாராவது ஏறி வந்தால் எழுந்து நிற்பார். பால்காரன், மின்சாரப் பில் கொண்டுவருகிறவன், சோமாவின் தங்கச்சி, எல்லாருக்காகவும் எழுந்து நின்றார். கடல் சிவந்து, பிறகு சாம்பலாகி, தெரியாமல் போகும். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். "பயப்பிடாதை" என்று என்னைத் தேற்றுவார். என்னைத் தம்பி, என்னை.

இரண்டு கிழமை, பதினாலு பின்னேரம், அப்படிப் போனதும் பையை அலுமாரிக்கு மேலே வைத்தார். முகமே மாறியிருந்தது. "பாத்தியே, ஒருத்தரும் வரேல்லை. பண்பாய்ச் சொன்னா அவங்களுக்கும் விளங்குது. அவங்களும் மனுசர்தானே." அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். கடையில் சாமான் வாங்கும்போதும் நிமிர்ந்து நின்று கதைத்தார். வருகிற ஆட்களுக்கெல்லாம் அந்தக் கதைதான். நீயும் பள்ளிக்கூடத்தில் சொன்னாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், பக்கத்தில் நின்று பலகாரம் பரிமாறினேன். அடுத்த வருஷங்களிலும் படிவம் வந்தது. அவர் கந்தோரில் இருக்கிற பகல் நேரத்தில்தான் வந்தது, நானே வாங்கி, நானே கொடுத்து முடித்தேன். எங்களை விட்டுவிட்டார்கள் என்றே அவர் நம்பினார்.

சிவநாதன் மாமாவை உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும். அப்பாவோடு ஒரே கந்தோர். உனக்குப் பட்டம் கட்டித் தருவார். அவருடைய இடது காது ஏன் கேட்காது என்று நீ கேட்டபோது, காய்ச்சலில் போனது என்று சொன்னேன். அதுவும் பொய். அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் அவர் அடுத்த வருஷம் தன்னுடைய படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் இருந்த பக்கத்துப் பொலிஸ் வேறு மாதிரி. ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கன்னத்தில் விழுந்த ஒரு அறையில் காது போனது. அப்பா அவரைப் பார்த்துவிட்டு வந்து, சேட்டைக் கூடக் கழற்றாமல் இந்தக் கதிரையில்தான் இருந்தார். "எனக்கு வராத பொலிஸ் அவனுக்கு ஏன் வந்தது? நான் என்ன எழுதினன், அவன் என்ன பிழையாச் சொன்னவன்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்றேன். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பால் பொங்கியது, இறக்கினேன், சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் என்னை வெட்கப்படுத்துவது அந்தக் கையெழுத்து அல்ல. அந்த நிமிசம்தான்.

பல மாதம் கழித்து மாமா வீட்டுக்கு வந்தபோது, அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் மெல்லக் கேட்டேன், அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறீர்களா என்று. வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். "இல்லை அக்கா. அடிச்ச நேரம் நினைச்சனான்தான், பொய் சொல்லேல்லை. ஆனா திரும்பக் கொண்டு வந்தாலும் எழுதமாட்டன். ஒருக்கா இல்லை எண்டு சொன்ன பிறகு எனக்கு நல்லா நித்திரை வருது." தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அன்றிலிருந்து நித்திரை சரியில்லை.

நேற்றும் இந்தக் கதிரையிலேயே கண்ணயர்ந்து ஒரு கனவு கண்டேன். ஸ்டேஷன் வரிசை காலி வீதியைத் தாண்டி, ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தையும் தாண்டிக் கடல்வரை போகிறது. எல்லாருடைய கையிலும் வெறும் படிவம். ஒருவரும் சத்தம் போடவில்லை. சோமாவும் நிற்கிறாள். அப்பா மட்டும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளைச் சேட்டோடு, கடவை எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கிறார். நான் கூப்பிட்டேன். அவர் கையைக் காட்டி, சுற்றி வருகிறேன் என்றார். விழித்தபோது முகட்டில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

அநியாயமான சட்டத்தை அமைதியாக மீறலாமா என்று நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். எனக்குப் பெரிய படிப்பில்லை, பட்டதைச் சொல்கிறேன். அப்பா சட்டத்தை மீறினார், ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் சட்டத்துக்குப் பணிந்தேன், அதற்காகக் கள்ளக் கையெழுத்துப் போட்டேன், காய்ச்சல் என்று பொய் சொன்னேன், கட்டினவரைப் பல வருஷம் ஏமாற்றினேன். எங்கள் இரண்டு பேரில் யார் நேர்மையான ஆள் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அவர் செய்தது சரி. இதை எழுத எனக்குப் பதினாலு வருஷம் எடுத்தது. ஆனால் சரியான காரியத்துக்கு விலை இல்லை என்று நினைத்து நீ போகக்கூடாது. அந்த விலையை அப்பா கொடுக்கத் தயாராக இருந்தார், கொடுக்க நான் விடவில்லை. கொடுத்தவர் சிவநாதன் மாமா. போவதானால் அவரை நினைத்துக்கொண்டு போ. ஆழம் தெரிந்து காலை வை.

இன்னொன்று. அப்பா ஒரு பிழை விட்டார். என்னைக் கேட்கவில்லை. மூன்று பேருடைய பெயரும் எழுத வேண்டிய கடதாசிக்கு அவர் தனியாக முடிவெடுத்தார். கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், ஒரு கிழமை கதைக்காமலும் இருந்திருப்பேன். ஆனால் களவாகச் செய்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் ரஞ்சியோடு இருந்து வாசி என்றேன். அவளைக் கேள். அவள் வேண்டாம் என்றால், அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதே. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளின் பயத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. எழுதிக் கொடுக்கிற எங்கள் சனத்தையும் ஏளனமாகப் பார்க்காதே, அந்த வரிசையில் நான் நின்றிருக்கிறேன். போவதென்று இரண்டு பேரும் முடிவெடுத்தால், குரலை உயர்த்தாதே, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ, போகிற நேரத்தை ஒரு லோயருக்கு முதலே சொல்லிவை. தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு போ.

எனக்குப் பயம்தான், தம்பி. இல்லை என்று சொல்லி இன்னொரு பொய்யை எழுத விருப்பமில்லை.

எனக்கும் படிவம் வந்திருக்கிறது. அப்பா போன பிறகு இந்த வீட்டுக்கு நான்தானே தலைவர். காரணம் எழுதுகிற இடத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் புருசன் என்று எழுதினது. இப்போது அவரும் இல்லை, இனி என்னத்தை எழுதுவது. சீலைகளுக்குக் கீழே விரித்த கடதாசிக்குள் அப்பாவின் கடிதம் இன்னும் இருக்கிறது. மடிப்பில் கொஞ்சம் மஞ்சள், எழுத்து அப்படியே முத்து முத்தாக. நீ வேண்டாம் என்றாலும், ரஞ்சி வேண்டாம் என்று சொல்லி நீ நின்றுவிட்டாலும், திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் இங்கே எங்கள் ஸ்டேஷனுக்குப் போகிறேன். படிவம் வெறுமையாகத்தான் இருக்கும். அப்பாவின் கடிதத்துக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், நானும் அப்படியே என்று சோமாவைக் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் நானே எழுதியிருக்கிறேன். எழுத்துக் கோணல். கையெழுத்து என்னுடையது, என் பெயரில். வீட்டுச் சாவி சோமாவிடம் இருக்கும். அலுமாரிக்கு மேலிருந்த பையை இறக்கித் தட்டி வைத்துவிட்டேன், நீலக்கரைத் துவாய் நல்லாகத்தான் இருக்கிறது.

அந்த மேசையில் இப்போது வேறு ஆள்தான் இருப்பார். ஆனாலும் பொம்பிளை தனியாக வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள், மஹத்தயா ஆவே நெத்த என்று. இந்த முறை காய்ச்சல் என்று சொல்லமாட்டேன். கடிதத்தை மேசையில் வைத்து, "ஆவா" என்று சொல்லுவேன். வந்திருக்கிறார் என்று.

அம்மா